டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் வடிவமைக்கக் கற்றுக்கொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் மாணவர்கள், நாலு வருடம் படித்து முடித்தும் ஒரு சுற்றைக்கூடச் சொந்தமாகக் கட்டாதவர்கள், ஓய்வு பெற்ற பிறகு பழைய ரேடியோ ஆசையைத் தூசி தட்டுகிறவர்கள் என்று பலர் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு பிசி 547 டிரான்சிஸ்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கை நிறைய ரெசிஸ்டர் இவற்றை வைத்தே பதில் சொல்லப் பார்க்கிறேன். பாடப்புத்தகத்தில் உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்று படித்திருப்பீர்கள். கடையிலும் லேபிலும் எல்லாரும் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: ஆப்-ஆம்ப் ஐசி (பெருக்கும் சுற்று முழுவதும் ஒரே சில்லுக்குள்) சல்லிசாகக் கிடைக்கிறதே, டிரான்சிஸ்டரோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்றால் மல்லுக்கட்டவே வேண்டாம், ஐசியைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். ஆனால் அந்த ஐசி எப்போதாவது முரண்டு பிடிக்கும், அப்போதுதான் சிக்கல். எல்எம் 358 போட்டு ஆடியோ சுற்று கட்டியவர்கள் பலர், சத்தம் குறைவாக இருக்கும்போது கரகரப்பு வருகிறது என்று வந்து நிற்பார்கள். அதன் கடைசி நிலையில் இரண்டு டிரான்சிஸ்டர்கள் கைமாறும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது, கரகரப்பு அங்கிருந்து வருகிறது. அவுட்புட்டிலிருந்து தரைக்கு (சுற்றின் 0 வோல்ட் கம்பிக்கு) ஒரு ரெசிஸ்டர் போட்டால் பெரும்பாலும் போய்விடும். ஏன் போகிறது என்பது ஐசிக்கு உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களைத் தெரிந்தவருக்குத்தான் புரியும். 741 என்ற பழைய ஐசிக்குள்ளே கூட இருபது சொச்சம் டிரான்சிஸ்டர்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன, வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

கேள்வி: கணக்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

ஓம் விதி. வோல்டேஜ் டிவைடர், அதாவது இரண்டு ரெசிஸ்டரை வரிசையாகக் கட்டி நடுவிலிருந்து ஒரு பங்கு வோல்டேஜை எடுப்பது. தெவெனின் தேற்றம், அதாவது இரண்டு ரெசிஸ்டரும் ஒரு பேட்டரியும் சேர்ந்ததை ஒரு பேட்டரி, ஒரு ரெசிஸ்டராகச் சுருக்கிப் பார்ப்பது. இவ்வளவுதான் முதல் ஆறு மாதத்துக்கு. நுண்கணிதம் வேண்டியதே இல்லை, டெசிபல் வரும்போது கொஞ்சம் லாகரிதம் வரும், அதைக் கால்குலேட்டர் பார்த்துக்கொள்ளும்.

கல்லூரியில் எச்-பாராமீட்டர் என்று நாலு எழுத்தை வைத்துப் பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுத வைத்திருப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அதிலிருந்து தொடங்கினால் ரெசிஸ்டர் மதிப்பு எப்படி முடிவாகிறது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காது. அந்தச் சமன்பாடுகள் கட்டி முடித்த சுற்றைப் பகுத்துப் பார்க்கத்தான் உதவும்.

கேள்வி: என்னென்ன வாங்க வேண்டும்?

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் துளைகளில் செருகிக் கட்டும் பலகை), ரெசிஸ்டர் கலவைப் பாக்கெட் ஒன்று, 1, 10, 100 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், 100 நானோ ஃபாரட் செராமிக் பத்துப் பன்னிரண்டு, பிசி 547 ஒரு இருபது. இருபது எதற்கு என்றால், நாலைந்து எரியும், இரண்டு காணாமல் போகும், மிச்சத்தை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு போய் வந்துவிடலாம், மற்ற ஊர்க்காரர்கள் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளலாம். 2என்3055 மாதிரி பெரிய பவர் டிரான்சிஸ்டர்களில் போலி நிறைய உலவுகிறது, அதை இப்போது வாங்க வேண்டாம். பிசி 547-இல் அந்தக் கவலை குறைவு.

செல்போன் சார்ஜரை வெட்டி பவர் சப்ளை ஆக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: முதல் சுற்றுக்கு வேண்டாம். அதிலிருந்து வரும் இரைச்சல் உங்கள் சுற்றின் தப்பா, சார்ஜரின் தப்பா என்று தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும். பேட்டரி போதும். வீட்டு 230 வோல்ட் நேராக வரும் பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டிகளைத் திறந்து பழக வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்கள் ஷாக் அடிக்கும்.

கேள்வி: டிரான்சிஸ்டர் பெருக்குவது கரண்டையா, வோல்டேஜையா?

பட்டிமன்றமே நடத்தலாம், நடத்தியும் இருக்கிறார்கள். டிசைன் செய்பவருக்குப் பயன்படும் பதில் இது: பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே இருக்கும் வோல்டேஜ்தான் கலெக்டர் கரண்டை முடிவு செய்கிறது. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் அது 0.6-இலிருந்து 0.7 வோல்ட் வரை இருக்கும். அதை 18 மில்லி வோல்ட் ஏற்றினால் கரண்ட் இரண்டு மடங்கு, 60 மில்லி வோல்ட் ஏற்றினால் பத்து மடங்கு. பேஸுக்குள் போகும் சின்ன கரண்ட், வண்டி ஓடும்போது வரும் புகை மாதிரி. வரத்தான் செய்யும், ஆனால் வண்டியை ஓட்டுவது அது இல்லை.

இதிலிருந்து மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரே எண் கிடைக்கிறது. எமிட்டருக்கு உள்ளேயே ஒரு குட்டி ரெசிஸ்டர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதன் மதிப்பு, 26 மில்லி வோல்டைக் கரண்டால் வகுத்தால் வருவது. 1 மில்லி ஆம்பியர் ஓடினால் 26 ஓம், 2 மில்லி ஆம்பியர் என்றால் 13 ஓம். இதை உள் ரெசிஸ்டர் என்று சொல்லிக்கொள்வோம், கீழே அடிக்கடி வரும்.

கேள்வி: பீட்டாவை (கலெக்டர் கரண்ட் பேஸ் கரண்டைப்போல் எத்தனை மடங்கு என்ற எண்ணை) எவ்வளவு என்று வைத்துக்கொள்ள வேண்டும்? டேட்டா ஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) 110 முதல் 800 வரை என்று போட்டிருக்கிறதே?

அந்த வரிதான் டேட்டா ஷீட்டிலேயே நேர்மையான வரி. பிசி 547-இல் ஏ, பி, சி என்று மூன்று பிரிவு உண்டு: ஏ என்றால் 110–220, பி என்றால் 200–450, சி என்றால் 420–800. ஒரே பாக்கெட்டில் இருந்து எடுத்த இரண்டுக்குக்கூட ஒரே பீட்டா இருக்காது, சூடானால் அதுவும் மாறும். மல்டிமீட்டரில் பீட்டா அளக்கும் துளை இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு காலத்தில் செய்திருக்கிறேன். வீண் வேலை. பீட்டா எவ்வளவாக இருந்தாலும் சுற்று வேலை செய்ய வேண்டும், அப்படி டிசைன் செய்யத் தெரிவதுதான் நீங்கள் கற்றுக்கொள்ளப் போகும் விஷயமே.

பேட்டரியிலிருந்து பேஸுக்கு ஒரே ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டு, எமிட்டரை நேராகத் தரையில் கட்டும் சுற்றுதான் பல பாடங்களில் முதலில் வரும். அது பீட்டாவை நம்பி வாழ்கிற சுற்று. டிரான்சிஸ்டரை மாற்றினால் கலெக்டர் வோல்டேஜ் எங்கேயோ போய் நிற்கும். அதைக் கட்டிப் பார்த்து, மூன்று டிரான்சிஸ்டரை மாற்றிப் போட்டு, வெறுத்துப்போன பிறகு அடுத்த கேள்விக்கு வாருங்கள்.

கேள்வி: சரி, ஒரு காமன் எமிட்டர் நிலையை முதலிலிருந்து கடைசி வரை டிசைன் செய்து காட்டுங்கள்.

காமன் எமிட்டர் என்றால் சிக்னல் பேஸில் நுழைந்து கலெக்டரில் வெளியே வரும் சுற்று. சப்ளை 9 வோல்ட். முதலில் கரண்டை முடிவு செய்கிறோம், 1 மில்லி ஆம்பியர். ஏன் 1 என்றால், கணக்குப் போட வசதி, பேட்டரியும் தாங்கும், அவ்வளவுதான். பெரிய காரணம் இருப்பதாகக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை.

அடுத்து எமிட்டரில் 1 வோல்ட் நிற்கட்டும். ஆக எமிட்டர் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம். இந்த 1 வோல்டுக்குக் காரணம் இருக்கிறது. பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 2 மில்லி வோல்ட் குறையும். மே மாத வெயிலில் 20 டிகிரி கூடினால் 40 மில்லி வோல்ட். எமிட்டரில் 1 வோல்ட் நின்றால் அந்த 40 வெறும் 4 சதவீதம், கரண்ட் கொஞ்சம் நகரும், விட்டுவிடலாம். எமிட்டரில் 0.1 வோல்ட் மட்டும் வைத்திருந்தால் அதே 40 மில்லி வோல்ட் கரண்டை 40 சதவீதம் ஏற்றிவிடும்.

எமிட்டர் 1 என்றால் பேஸ் 1.65 பக்கம் நிற்க வேண்டும். பேஸ் உறிஞ்சுவது, மோசமான பீட்டாவான 110-ஐ எடுத்துக்கொண்டாலும், 9 மைக்ரோ ஆம்பியர். பேஸுக்கு வோல்டேஜ் கொடுக்கும் டிவைடரில் அதைப்போல் பத்து மடங்கு, சுமார் 0.1 மில்லி ஆம்பியர், ஓடட்டும். கீழ் ரெசிஸ்டர் 16.5 கிலோ ஓம், மேல் ரெசிஸ்டர் 73.5 கிலோ ஓம் என்று வரும். அப்படி ஒரு ரெசிஸ்டர் பாக்கெட்டில் இருக்காது, 15 கிலோவும் 68 கிலோவும் போடுவோம்.

இப்போது சரிபார்ப்போம். இந்த டிவைடரைச் சுருக்கினால் 1.63 வோல்ட் பேட்டரி, 12.3 கிலோ ஓம் ரெசிஸ்டர். பீட்டா 110 என்றால் கலெக்டர் கரண்ட் 0.87 மில்லி ஆம்பியர் வருகிறது. 200 என்றால் 0.92. 450 என்றால் 0.95. பீட்டா நாலு மடங்கு மாறுகிறது, கரண்ட் பத்து சதவீதம்கூட மாறவில்லை. எனக்கு முதல் தடவை இந்தக் கணக்கு வந்தபோது ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

கடைசியாகக் கலெக்டர் ரெசிஸ்டர். கலெக்டர் மேலே 9 வரை போகலாம், கீழே எமிட்டரைத் தொடும் வரை, அதாவது 1.2 பக்கம் வரை வரலாம். நடுவில் நிறுத்தினால் இரண்டு பக்கமும் ஆட இடம் இருக்கும். 4.7 கிலோ ஓம் போட்டால் 0.92 மில்லி ஆம்பியருக்கு 4.3 வோல்ட் விழும், கலெக்டர் 4.7-இல் நிற்கும். முடிந்தது. பேஸ் 1.57, எமிட்டர் 0.92, கலெக்டர் 4.7 என்று மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதிப் பிரெட்போர்டு பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கட்டிய பிறகு அளந்து பார்க்கும்போது மீட்டர் என்ன சொல்கிறது, காகிதம் என்ன சொல்கிறது, வித்தியாசம் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுங்கள். மீட்டர் காட்டுவதைப் பார்த்த பிறகு கணக்குப் போடுவதும், கணக்குப் போட்டுவிட்டு மீட்டரை வைப்பதும் ஒன்றல்ல.

கேள்வி: இதன் கெயின் எவ்வளவு?

கெயின் என்றால் சிக்னல் எத்தனை மடங்கு பெருகுகிறது என்பது. கலெக்டர் ரெசிஸ்டரை எமிட்டர் பக்கம் இருக்கும் மொத்த ரெசிஸ்டரால் வகுத்தால் கெயின். எமிட்டர் பக்கம் 1 கிலோவும் உள் ரெசிஸ்டர் 28 ஓமும் (0.92 மில்லி ஆம்பியருக்கு) சேர்ந்து 1028. 4700-ஐ 1028-ஆல் வகுத்தால் 4.6. இவ்வளவு பாடுபட்டு 4.6-தானா என்று முகம் வாடும். எமிட்டர் ரெசிஸ்டருக்குக் குறுக்கே பெரிய கெபாசிட்டர் போட்டால் சிக்னலுக்கு அந்த 1 கிலோ இல்லாதது போல ஆகிவிடும், 28 மட்டும் மிச்சம். 4700-ஐ 28-ஆல் வகுத்தால் 168.

கேள்வி: அப்படியானால் எல்லாரும் பைபாஸ் கெபாசிட்டர் போட்டு 168 எடுத்துக்கொள்ளலாமே?

எடுக்கலாம், காது வலிக்கும். அந்த 28 ஓம் நிலையான ரெசிஸ்டர் இல்லை. சிக்னல் ஆடும்போது கரண்ட் ஆடுகிறது, கரண்ட் ஆடும்போது அந்த 28-ம் ஆடுகிறது, ஆக ஒரே அலையின் மேல் பாதிக்கு ஒரு கெயின், கீழ் பாதிக்கு வேறு கெயின். பேஸில் வெறும் 10 மில்லி வோல்ட் உச்சம் உள்ள சைன் அலை கொடுத்தாலே இரண்டாம் ஹார்மோனிக் (இரட்டை அதிர்வெண்ணில் சேரும் கலப்படம்) கிட்டத்தட்ட 10 சதவீதம் வரும். அப்புறம் கெயின் சூட்டுக்கும் பேட்டரி தளர்ச்சிக்கும் தகுந்தபடி மாறிக்கொண்டே இருக்கும்.

நடுவழி ஒன்று உண்டு. 1 கிலோவை 150 ஓம், 820 ஓம் என்று இரண்டாக உடைத்து, 820-க்குக் குறுக்கே மட்டும் கெபாசிட்டர் போடுங்கள். டிசி பார்வையில், அதாவது சிக்னல் இல்லாதபோது, 970 ஓம், நாம் போட்ட கணக்கு அப்படியே நிற்கும். சிக்னல் பார்வையில் 150 கூட்டல் 28, 178 ஓம். கெயின் 26. இதில் பெரும்பங்கு 150 என்ற அசையாத ரெசிஸ்டர் என்பதால் உள் ரெசிஸ்டர் ஆடினாலும் கெயின் அவ்வளவாக ஆடாது. கெயினை விற்று நேர்மையை வாங்குகிறோம். நெகட்டிவ் ஃபீட்பேக் என்று பெரிய பெயரில் பின்னால் படிக்கப்போவதும் இந்த வியாபாரம்தான், இங்கேயே ஒரு ரெசிஸ்டரில் நடந்துவிடுகிறது.

கேள்வி: கெபாசிட்டர் மதிப்புகளை எல்லாரும் 10 மைக்ரோ என்று கண்ணை மூடிக்கொண்டு போடுகிறார்களே?

பெரும்பாலும் அது வேலை செய்துவிடுவதால்தான். ஆனாலும் ஒரு தடவை கணக்குப் போடுங்கள். சிக்னல் பேஸுக்குள் நுழையும் வழியில் போடும் இன்புட் கெபாசிட்டர் பார்ப்பது டிவைடரின் 12.3 கிலோவும், டிரான்சிஸ்டர் வழியாகத் தெரியும் 178-ஐப் பீட்டாவால் பெருக்கியதும், இரண்டும் பக்கம்பக்கமாக. 200 பீட்டாவுக்கு 9 கிலோ ஓம் வரும். 20 ஹெர்ட்ஸ் வரை இறங்க வேண்டும் என்றால் 0.9 மைக்ரோ ஃபாரட் தேவை, 2.2 போட்டால் நிம்மதி.

எமிட்டர் கெபாசிட்டர்தான் ஏமாற்றும். 820-க்குக் குறுக்கே இருப்பதால் 820-ஐ வைத்துக் கணக்குப் போட்டு 10 மைக்ரோ போதும் என்று நினைப்பார்கள். அந்தக் கெபாசிட்டர் கண்ணுக்கு, 820-க்குப் பக்கத்திலேயே 178 ஓம் வழி ஒன்று டிரான்சிஸ்டர் பக்கமாகத் திறந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து 146 ஓம். 20 ஹெர்ட்ஸுக்கு 54 மைக்ரோ வரும், ஆக 100 போடுங்கள். கனமான அடித்தொனியே இல்லை, தகரடப்பா மாதிரி கேட்கிறது என்கிற புகாரில் பாதி இந்தக் கெபாசிட்டரால் வருவது.

கேள்வி: எல்லாம் போட்டுவிட்டேன், வேலை செய்யவில்லை. எங்கே தேடுவது?

சிக்னலைக் கழற்றுங்கள். டிசி சரியில்லாமல் சிக்னலைத் தேடுவது, அடுப்பு பற்றாமல் சாம்பாரில் உப்புப் பார்ப்பது மாதிரி. காகிதத்தில் எழுதிய மூன்று எண்களை அளந்து பாருங்கள்.

கலெக்டரில் 9 வோல்ட் இருந்தால் டிரான்சிஸ்டரில் கரண்ட் ஓடவில்லை என்று பொருள்: பேஸுக்கு வோல்டேஜ் வரவில்லை, அல்லது எமிட்டர் கம்பி துளையில் உட்காரவில்லை. கலெக்டரும் எமிட்டரும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜில் இருந்தால் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்துகொண்டது. மேல் ரெசிஸ்டர் 68 கிலோவுக்குப் பதில் 6.8 கிலோ போட்டிருப்பீர்கள், ரெசிஸ்டரின் வண்ணப் பட்டையில் ஆரஞ்சும் சிவப்பும் டியூப்லைட் வெளிச்சத்தில் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பேஸுக்கும் எமிட்டருக்கும் நடுவே 0.6–0.7 இல்லாமல் 2, 3 வோல்ட் காட்டினால் டிரான்சிஸ்டர் போய்விட்டது, தூக்கிப் போடுங்கள்.

இதில் சேராத ஒரு கேஸ் உண்டு, என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. எமிட்டரில் 0.3, கலெக்டரில் 7-க்கு மேல், பேஸ்-எமிட்டர் நடுவே மட்டும் ஒழுங்காக 0.6. சத்தமும் வருகிறது, ஆனால் நோயாளி மாதிரி. பிசி 547 தீர்ந்துபோய் டப்பாவில் கிடந்த 2என்3904-ஐ அதே துளைகளில் செருகியிருந்தேன். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்க, பிசி 547 இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904 எமிட்டர், பேஸ், கலெக்டர். தலைகீழாக மாட்டினாலும் டிரான்சிஸ்டர் செத்துப்போகாது, பீட்டா நாலைந்துக்கு இறங்கிப்போய் அரைகுறையாக வேலை செய்யும். முழுசாகக் கெட்டிருந்தால் அரைமணியில் கண்டுபிடித்திருப்பேன். புது டிரான்சிஸ்டர் எதைத் தொட்டாலும் டேட்டா ஷீட்டில் கால் வரிசையைப் பார்ப்பது அன்றிலிருந்து பழக்கம்.

கேள்வி: ஸ்பீக்கரை கலெக்டரில் மாட்டினேன், சத்தமே வரவில்லை.

8 ஓம் ஸ்பீக்கரில் 1 வோல்ட் உச்சம் வர 125 மில்லி ஆம்பியர் வேண்டும். நம் டிரான்சிஸ்டரில் ஓடுவதே 0.92. கெயின் கணக்கிலும் பாருங்கள்: கலெக்டர் பக்கம் 4.7 கிலோ இருந்த இடத்தில் 8 ஓம் வந்துவிட்டது, 8-ஐ 178-ஆல் வகுத்தால் 0.045. பெருக்கவில்லை, இருபதில் ஒரு பங்காகச் சுருக்குகிறது.

சரி, நடுவில் ஒரு எமிட்டர் ஃபாலோயர் (வோல்டேஜைப் பெருக்காமல் கரண்டை மட்டும் கூட்டித் தரும் நிலை) போடலாமே என்றால், அது 125 மில்லி ஆம்பியரை எப்போதும், சத்தம் இல்லாதபோதும், ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 9 வோல்டில் அது 1.1 வாட். ஸ்பீக்கருக்குப் போவது 62 மில்லி வாட், மிச்சமெல்லாம் சூடு. சின்ன 9 வோல்ட் பேட்டரி சீக்கிரமே மூச்சு வாங்கும்.

கேள்வி: அதற்குத்தான் புஷ்-புல்லா?

ஆமாம். என்பிஎன் ஒன்று, அதற்கு நேரெதிராகக் கரண்ட் ஓடும் பிஎன்பி ஒன்று, உதாரணத்துக்கு பிடி 139, பிடி 140 ஜோடி. அலையின் மேல் பாதியை ஒன்று தள்ளும், கீழ் பாதியை இன்னொன்று இழுக்கும், சத்தம் இல்லாதபோது இரண்டும் தூங்கும். கொள்கை அளவில் திறன் 78.5 சதவீதம் வரை போகும். 9 வோல்டில் 8 ஓமுக்கு முக்கால் வாட் வரை எடுக்கலாம், ஒரு அறைக்குத் தாராளம்.

தூங்குவதில்தான் வம்பு. இரண்டு பேஸையும் சேர்த்துக் கட்டினால், மேலே 0.6 கீழே 0.6 என்று 1.2 வோல்ட் அகலத்துக்கு யாரும் வேலை செய்யாத ஒரு இடம் இருக்கும். சின்ன சத்தங்கள் அதற்குள் விழுந்து காணாமல் போகும். எல்எம் 358 பற்றி மேலே சொன்ன கரகரப்பு இதன் தங்கச்சிதான். அதனால் இரண்டு பேஸுக்கும் நடுவே இரண்டு டயோடு போட்டு, இரண்டையும் அரைத்தூக்கத்தில் வைக்கிறோம்.

இங்கேதான் டிரான்சிஸ்டர்கள் எரிகின்றன. சூடு ஏறினால் தேவைப்படும் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லி வோல்ட் குறையும். நாம் கொடுப்பது அப்படியே இருந்தால் 30 டிகிரி ஏறியதும் 60 மில்லி வோல்ட் அதிகமாகக் கொடுத்த கணக்கு, கரண்ட் பத்து மடங்கு, இன்னும் சூடு, இன்னும் கரண்ட். கையை எடுப்பதற்குள் முடிந்துவிடும். தப்பிக்க இரண்டு வழி, இரண்டையும் செய்யுங்கள்: ஒவ்வொரு எமிட்டரிலும் அரை ஓமிலிருந்து 1 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர், அந்த டயோடுகள் டிரான்சிஸ்டரையோ ஹீட் சிங்கையோ ஒட்டி இருக்கட்டும், டிரான்சிஸ்டர் சூடானால் டயோடும் சூடாகி அதன் வோல்டேஜும் சேர்ந்து இறங்கும்.

கேள்வி: டுப் டுப் டுப் என்று மோட்டார் படகு மாதிரி சத்தம் வருகிறது, இன்புட்டைக் கழற்றினாலும் நிற்கவில்லை.

பெயரே அதுதான், மோட்டார் போட்டிங். கடைசி நிலை கரண்டை இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் கொஞ்சம் தொய்கிறது, அந்தத் தொய்வு 68 கிலோ வழியாக முதல் நிலையின் பேஸுக்குப் போய்த் திரும்பப் பெருகி வருகிறது. பழைய பேட்டரியில் அதிகமாக இருக்கும். சப்ளையிலிருந்து முதல் நிலைக்குப் போகும் வழியில் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குப் பிறகு தரைக்கு 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று. பெரும்பாலும் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் மைக்ரோ ஃபாரடைக் கூட்டுங்கள். ஸ்பீக்கரின் தரைக் கம்பியை முதல் நிலையின் தரையோடு சேர்க்காமல் நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: கணினி சிமுலேஷனில் அருமையாக வருகிறது, கட்டினால் வரவில்லை. எதை நம்புவது?

கட்டியதை. ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் நிரல் 1973-இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிறந்தது, இன்று எல்டி ஸ்பைஸ், என்ஜி ஸ்பைஸ் என்று இலவசமாகவே கிடைக்கிறது, நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதற்குள் எல்லா பிசி 547-ம் இரட்டைப் பிள்ளைகள், ஒரே பீட்டா, ஒரே சூடு, கம்பிக்கு நீளம் கிடையாது, பேட்டரி தொய்யாது. நீங்கள் சொல்லாத எதையும் அது யோசிக்காது. பீட்டாவை 110, 200, 450 என்று மாற்றி ஓட்டுங்கள், சூட்டை 25-இலிருந்து 50-க்கு ஏற்றுங்கள், சப்ளையை 7 வோல்டுக்கு இறக்குங்கள், அப்போது அது உங்களுக்கு நண்பன். முதலில் கையால் கணக்கு, பிறகு சிமுலேஷன் என்ற வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

கேள்வி: ஆசிலோஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) இல்லாமல் கற்க முடியுமா?

முதல் சில மாதம் முடியும். கணினியின் ஆடியோ இன்புட்டை இலவச மென்பொருளோடு சேர்த்தால் 20 கிலோ ஹெர்ட்ஸ் வரை அலையைப் பார்க்கலாம், ஹெட்போன் துளையிலிருந்து சைன் அலை எடுக்கலாம். ஆடியோ இன்புட் 1 வோல்டுக்கு மேல் அதிகம் தாங்காது, டிசியும் போகக் கூடாது. ஆகவே 90 கிலோவும் 10 கிலோவும் மாதிரி ஒரு டிவைடர், முன்னால் ஒரு கெபாசிட்டர், இரண்டும் கட்டாயம். விலை உயர்ந்த லேப்டாப்பில் வேண்டாம், பழைய டெஸ்க்டாப் இருந்தால் அதில்.

கேள்வி: பாடம் எங்கே பார்ப்பது?

என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் அனலாக் சுற்றுப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, சென்னை ஐஐடியிலிருந்து வந்தவையும் உண்டு. பார்ப்பதோடு நிறுத்தினால் பத்து மணி நேரத்துக்குப் பிறகும் கை காலியாக இருக்கும். ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஒரு மணி நேரம் பிரெட்போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கார்பனா, மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரா?

எது கையில் இருக்கிறதோ அது.

கேள்வி: தாத்தாவின் பழைய ரேடியோவில் ஏசி 128 இருக்கிறது. அதை இந்தச் சுற்றில் போடலாமா?

நம் வீடுகளில் டிரான்சிஸ்டர் என்றால் அந்த ரேடியோவுக்கே பெயர், இல்லையா. ரேடியோ இன்னும் பாடுகிறது என்றால் தயவுசெய்து கழற்றாதீர்கள். செத்த ரேடியோ என்றால் போடலாம், நல்ல பயிற்சி. ஏசி 128 பிஎன்பி என்பதால் பேட்டரியையும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் திருப்பிப் போடுங்கள். அது ஜெர்மானியம், பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் 0.65 இல்லை, 0.2 பக்கம். மேலே போட்ட கணக்கை அந்த எண்ணோடும், குறைந்த பீட்டா, ஒரு 60 என்று வைத்துக்கொண்டும் திரும்பப் போட்டால் எமிட்டரில் 1.2 வோல்ட் பக்கம் வரும். 4.7 கிலோ அதிகம், 3.3 கிலோ போடுங்கள். கட்டி முடித்து மீட்டரைக் கலெக்டரில் வைத்துவிட்டு, டிரான்சிஸ்டரை இரண்டு விரலால் ஒரு நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஜெர்மானியத்தில் கசியும் கரண்ட் பத்து டிகிரிக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். உங்கள் உடம்புச் சூட்டுக்கே கலெக்டர் வோல்டேஜ் மெல்ல நகர ஆரம்பிக்கும். விரலை எடுத்தால் திரும்பி வரும்.